இரண்டு பக்கமும் அடிபடுகிறவர்

வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் டிகாக்‌ஷனில் தோய்த்தெடுத்த மாதிரி இருக்கின்றன. ஜனவரி வந்தால் இப்படித்தான். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் செய்முறைத் தேர்வுக்குப் பழக்கும் மாதம். கரைசலைச் சொட்டுச்சொட்டாக அளந்துவிடும் பியூரெட் குழாயின் திருகு கசியும், பொட்டாசியம் பர்மாங்கனேட் அவர்கள் கையிலும் படும், என் கையிலும் படும். படும்போது ஊதா, கொஞ்ச நேரத்தில் பழுப்பு. சோப்புக்கு மசியாது. ராத்திரி ரசத்துக்குப் பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடியை எடுத்துத் தேய்த்தால் போய்விடும். இதை நான் பாடமாகவே நடத்துவதுண்டு. பர்மாங்கனேட்டில் இருக்கும் மாங்கனீசு +7 நிலையில், அதாவது கணக்குப்படி ஏழு எலக்ட்ரான் குறைந்து, பசியோடு இருக்கிறது. என் தோலிடமிருந்து எலக்ட்ரான்களைப் பறித்துக்கொண்டு +4-க்கு இறங்கி, மாங்கனீசு டை ஆக்சைடாகப் பழுப்பாய் ஒட்டிக்கொள்கிறது. எலுமிச்சை இன்னும் கொஞ்சம் எலக்ட்ரானைக் கொடுத்து +2-க்கு இறக்கிவிட்டால், நிறமில்லாமல் தண்ணீரோடு ஓடிவிடும். கொடுத்தவருக்கு ஆக்ஸிஜனேற்றம், வாங்கியவருக்கு ஒடுக்கம். விரல் நுனியிலேயே முழுப் பாடமும் முடிந்துவிட்டது என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் பின் பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்ட கேள்வியில் அந்த நினைப்பு போயிற்று.

பொட்டாசியம் பர்மாங்கனேட் இரும்பு உப்போடு வினைபுரியும் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதி, இரண்டு பக்கமும் மாறாமல் இருப்பவற்றை அடித்துக்கொண்டிருந்தேன். பொட்டாசியம் அயனி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரி நிற்கிறது, ஆகவே அடி. சல்பேட்டும் அப்படியே, அடி. மிஞ்சியது பர்மாங்கனேட், இரும்பு, அமிலம். அவள் எழுந்து, "சார், பொட்டாசியத்தை ரெண்டு பக்கமும் அடிச்சாச்சு. அது ஒண்ணுமே செய்யலைங்கறீங்க. அப்புறம் ஏன் சார் பாட்டில் மேல அவரு பேரு மொதல்ல போட்டிருக்கு?" என்றாள்.

வகுப்பே சிரித்தது. நான், "அதுக்குப் பேரு பார்வையாளர் அயனி" என்றேன். பேர் வைத்துவிட்டால் பதில் சொன்னதாகிவிடும் என்பது வாத்தியார்களின் பழைய நம்பிக்கை. நல்லவேளை, மணி அடித்துவிட்டது.

எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் முதல் வரியில் ஒரு பெரியப்பா பெயர் இருக்கும். மண்டபத்தில் அவர் ஒரு சாம்பார் வாளியைக்கூடத் தூக்கமாட்டார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பொட்டாசியம் அந்தப் பெரியப்பாதானா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். பாதி ஆமாம். மீதிப் பாதிதான் இந்தப் பதிவு.

முதலில், பெரியப்பாவும் ஒரு காலத்தில் இளவட்டமாக இருந்தவர்தான். பொட்டாசியம் அணுவில் 19 எலக்ட்ரான்கள்; கூடுகளில் 2, 8, 8 என்று நிறைந்துபோக, கடைசியாக ஒன்று மட்டும் வெளித்திண்ணையில் கிடக்கிறது. அந்த ஒன்றை யார் கேட்டாலும் கொடுத்துவிடும். எவ்வளவு சுலபமாகக் கொடுக்கும் என்பதற்குத்தான் திட்ட மின்னழுத்தம் என்ற கணக்கு; எண் கீழே போகப் போகக் கொடுப்பது சுலபம்: பொட்டாசியத்துக்கு −2.93 வோல்ட், சோடியத்துக்கு −2.71. லித்தியம் −3.04 என்று அதற்கும் கீழே போவதைப் பார்த்துப் பிள்ளைகள் குழம்புவார்கள். தனி அணுவாக இருக்கும்போது லித்தியத்தைவிடப் பொட்டாசியம்தான் எலக்ட்ரானைச் சுலபமாக விடும். தண்ணீருக்குள் வந்ததும், சின்ன லித்தியம் அயனியை நீர் மூலக்கூறுகள் இறுக்கிக் கட்டிக்கொள்வதால் அதன் கணக்கு மாறிவிடுகிறது.

கொடுப்பதில் இவ்வளவு தாராளமாக இருக்கும் ஒன்றுக்கு, கொடுத்துவிட்ட எலக்ட்ரானைத் திரும்பச் சேர்த்து, உலோகமாகப் பிரித்தெடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. விறகுச் சாம்பலைக் கரைத்து வடித்தெடுத்த உப்பாக மனிதர்கள் அதை வெகுகாலமாக வைத்திருந்தார்கள். 'கேலியம்' என்ற லத்தீன் பெயரும், அதிலிருந்து வந்த 'கே' என்ற குறியீடும், செடிச் சாம்பலைக் குறித்த அரபுச் சொல்லிலிருந்து வந்தவைதான். உலோகம் கண்ணில் பட்டது 1807 அக்டோபரில். லண்டனில் ஹம்ஃப்ரி டேவி, லேசாக ஈரமேறிய காஸ்டிக் பொட்டாஷில் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) மின்கல அடுக்கின் மின்சாரத்தைச் செலுத்தினார். எதிர்முனையில் பாதரசம் போலச் சின்னச் சின்ன மணிகள் திரண்டன. சில உடனே தீப்பிடித்தன. டேவி அறை முழுக்கக் குதித்து ஆடினார் என்று கூட இருந்த அவரது உறவினர் எழுதிவைத்திருக்கிறார். ஆடாமல் என்ன செய்வார்? எந்த வேதிப்பொருளாலும் திருப்பித் தரமுடியாமலிருந்த அந்த ஒற்றை எலக்ட்ரானை மின்சாரத்தைக் கொண்டு திணித்திருக்கிறார்.

நான் அந்த உலோகத்தை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். கல்லூரியில், இரண்டாம் ஆண்டு. பேராசிரியர் பாரஃபின் எண்ணெய்ப் பாட்டிலிலிருந்து இடுக்கியால் எடுத்து, வெண்ணெய்போலக் கத்தியால் வெட்டி, மிளகளவு துண்டைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். மிதந்தது, ஓடியது, உருண்டது. தொட்ட மாத்திரத்தில் மேலே ஒரு வெளிர் ஊதாச் சுடர். 'டப்' என்று முடிந்துபோயிற்று. தண்ணீரின் ஹைட்ரஜன் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு வாயுவாகக் கிளம்ப, அந்தச் சூட்டிலேயே பற்றிக்கொள்கிறது. அவர் பாட்டிலில் கிடந்த இன்னொரு கட்டியைக் காட்டி, "இதில் மஞ்சள் படிந்திருக்கிறது, இதை வெட்டமாட்டேன்" என்றார். நாள்பட்ட பொட்டாசியத்தின் மேல் படியும் அந்த மஞ்சள், ஆக்ஸிஜன் அதிகமாகச் சேர்ந்த சூப்பர் ஆக்சைடு. எண்ணெய் பட்டிருக்கும் உலோகத்தோடு அது கத்தியால் அழுத்தப்பட்டால் வெடிக்கக்கூடும். இத்தனை வருடம் ஆகியும் பள்ளிக்கு அதை வாங்கக் கேட்டதில்லை. சோடியம் போதும்.

இன்னொரு வேடிக்கையைச் சொல்லாமல் நகர மனமில்லை. இன்று தொழிற்சாலைகளில் பொட்டாசியத்தை எடுப்பது சோடியத்தைக் கொண்டு. உருகிய பொட்டாசியம் குளோரைடு, அதற்குள் சோடியம் ஆவி. மேலே சொன்ன மின்னழுத்தக் கணக்குப்படி பார்த்தால் சோடியம் தோற்கவேண்டும். ஆனால் அந்தச் சூட்டில் பொட்டாசியம் இன்னும் சுலபமாக ஆவியாகிறது. கொதிநிலை சுமார் 760 டிகிரி, சோடியத்துக்கு 880-ஐ ஒட்டி. உருவாகிற பொட்டாசியம் அப்போதைக்கப்போது ஆவியாகி வெளியேற வெளியேற, வினையும் அந்தப் பக்கமே இழுபடுகிறது. மடையைத் திறந்துவைத்தால் மேட்டு வயலிலிருந்தும் தண்ணீர் வடியும் என்பது நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, இளவட்டக் கதை முடிந்தது. எலக்ட்ரானைக் கொடுத்து +1 ஆனபிறகு பொட்டாசியம் அதோடு நிறுத்திக்கொள்கிறது. இன்னொன்றைக் கொடுக்கவேண்டுமானால் நிறைந்த கூட்டை உடைக்கவேண்டும்; கொடுக்காது. யாராவது திருப்பித் தந்தால் வாங்குமா என்றால், சாதாரண வேதிப்பொருள் எதுவும் தண்ணீருக்குள் அதைச் செய்ய முடியாது. ஆகவே நாம் புழங்கும் எந்தச் சேர்மத்தில் பார்த்தாலும் ஆக்ஸிஜனேற்ற எண் +1. ஆய்வுக்கூட அலமாரியைத் திறந்தால் ஆக்ஸிஜனேற்றிகளின் வரிசையெல்லாம் அவர் பெயரில்தான்: பொட்டாசியம் பர்மாங்கனேட், பொட்டாசியம் டைகுரோமேட், பொட்டாசியம் குளோரேட், பொட்டாசியம் நைட்ரேட். ஒன்றில்கூட வேலை செய்பவர் அவரில்லை. மாங்கனீசு, குரோமியம், குளோரின், நைட்ரஜன் என்று எலக்ட்ரானை வாங்குகிறவர்கள் வேறு.

அப்படியானால் சோடியம் போதாதா? அதுதானே மலிவு?

இந்தக் கேள்விக்குப் பதில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் ஐப்பசி மாதத்தில் இருக்கிறது. காவிரி டெல்டாவில் அடைமழை பிடித்துக்கொண்டால் ஒரு வாரத்துக்குச் சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். ஒரு தடவை காஸ்டிக் சோடா பாட்டிலை மூடாமல் யாரோ வைத்துவிட்டுப் போக, மறுநாள் வில்லைகளெல்லாம் கரைந்து குழம்பாகக் கிடந்தன. பக்கத்திலேயே மூடி சரியாகப் பொருந்தாத பர்மாங்கனேட் பாட்டில்; குலுக்கிப் பார்த்தேன், மணல் மாதிரி கலகலவென்றது. சோடியம் பர்மாங்கனேட், சோடியம் டைகுரோமேட் இரண்டும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சாதி. பொட்டாசியத்தின் அயனி பெரியது, மின்சுமை அதில் பரவி நிற்கிறது, தண்ணீரை அவ்வளவு ஆசையாக அணைத்துக்கொள்ளாது. அதனால் அதன் உப்புகளில் பல அழகாகப் படிகமாகும், உலர்ந்தே இருக்கும். பொட்டாசியம் டைகுரோமேட்டை எடைபோட்டுக் கரைத்தால் எடையை நம்பலாம், வேறெதையும் வைத்துச் சரிபார்க்க வேண்டாம் என்று பருமனறி பகுப்பாய்வில், அதாவது கரைசலின் கன அளவை வைத்து அளக்கும் முறையில், அதற்கு ஒரு மரியாதை உண்டு. கருமருந்துக்கு நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பாக, அதாவது பொட்டாசியம் நைட்ரேட்டாகச் சேர்த்ததற்கும் இதே காரணம்தான். சோடியம் நைட்ரேட் நமத்துப்போகும். சிவகாசித் தீக்குச்சியின் தலையில் இருக்கும் குளோரேட்டும் பொட்டாசியம்தான். ஆக, பெரியப்பா வாளி தூக்காவிட்டாலும், முரட்டுப் பிள்ளைகளை ஈரம் படாமல் பாதுகாத்து, கேட்கும்போது அனுப்பிவைக்கிறவர்.

(இடைச்செருகல்: இந்தச் செய்முறையில் வரும் இரும்பு உப்புக்குப் பெயர் மோர் உப்பு. ஒவ்வொரு வருடமும் ஒரு பையனாவது "நீர்மோர்ல போடறதா சார்?" என்று கேட்பான். மோர் என்பது ஜெர்மன் வேதியியலாளர் ஒருவர் பெயர் என்று சொன்னால் முகம் வாடிப்போகும்.)

மண் பரிசோதனைக் கூடத்தில் இந்த இரட்டை வேடத்தை ஒரே அறையில் பார்க்கலாம். ஒரு மேசையில், மண்ணில் மக்கு எவ்வளவு என்று அறிய 1934-இல் வாக்லி, பிளாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்ன முறை. அரை கிராம், ஒரு கிராம் மண்ணைக் குடுவையில் போட்டு, டைகுரோமேட் 10 மில்லி, அடர் கந்தக அமிலம் 20 மில்லி ஊற்றி அரைமணி நேரம் வைப்பார்கள். குடுவை கை பொறுக்காத சூடு. மண்ணின் கார்பனிடமிருந்து குரோமியம் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறுகிறது. மிஞ்சிய டைகுரோமேட் எவ்வளவு என்று இரும்பு உப்பால் அளந்துவிடுவார்கள். அந்த மேசையில் பொட்டாசியம் சும்மா நிற்கிறது. அடுத்த மேசையில் சுடர் ஒளிமானி. வயலிலிருந்து வந்த பொட்டாசியத்தை அம்மோனியம் அசிடேட்டில் பிரித்தெடுத்து, கரைசலைத் தூறலாக்கிச் சுடருக்குள் விடுகிறார்கள். அந்தச் சூட்டில்தான், கண நேரத்துக்கு, அயனி தன் எலக்ட்ரானைத் திரும்பப் பெற்று அணுவாகி ஒளிர்கிறது. டேவியின் மேசையில் நடந்தது, ஒரு கணம், நம் மண்ணுக்கும் நடக்கிறது. அந்த ஒளியின் அளவுதான் மண்வள அட்டையில் 'சாம்பல்சத்து' என்ற கட்டத்தில் எண்ணாக வந்து உட்காருகிறது.

இனி, நான் சொல்லத் தயங்கும் கதை.

எங்களுக்கு நீடாமங்கலம் பக்கம், வெண்ணாற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். சித்தப்பா பார்க்கிறார். அதில் பள்ளத்து மூணு மா (ஏறக்குறைய ஒரு ஏக்கர்) எப்போதும் தண்ணீர் வடியாத இடம். இரண்டு வருடத்துக்கு முந்தைய குறுவை. தழையுரத்துக்கு விதைத்த தக்கைப்பூண்டு நன்றாக வளர்ந்திருந்தது. முறைத்தண்ணீர் கைவிட்டுப் போய்விடுமோ என்ற அவசரத்தில் பூண்டை மடக்கி உழுது, மூன்றாம் நாளே சேடை ஓட்டிச் சேறாக்கி நட்டுவிட்டோம். அவசரப்படுத்தியவன் நான். அதே வாரம் பொட்டாஷ் உர மூட்டை விலையைக் கேட்டுவிட்டு, "வண்டல் மண்ணு சித்தப்பா, சாம்பல்சத்து இருக்கும், இந்தப் போகம் வேண்டாம்" என்று சொன்னவனும் நான். யூரியா மட்டும் போட்டோம்.

மூன்றாம் வாரம் பள்ளத்துப் பயிரின் அடி இலைகளில் நுனியிலிருந்து செம்பு நிறப் புள்ளிகள். பொடிப்பொடியாக, துருப்பிடித்த மாதிரி. மருந்துக்கடையில் ஏதோ ஒரு பாட்டிலைக் கொடுத்தார்கள், அடித்தோம், காசுதான் போயிற்று. ஒரு காலை சித்தப்பா வயலில் இறங்கி ஒரு குத்தைப் பிடுங்கி வரப்பில் போட்டார். வேரெல்லாம் கறுப்பு. கிட்டே குனிந்தால் கூழமுட்டை நாற்றம். அவர் கால் வைத்த இடத்திலெல்லாம் கொப்புளம் கொப்புளமாகக் காற்று மேலே வந்தது.

"நீ கெமிஸ்ட்ரி வாத்தியாருதானடா தம்பி. இது என்னன்னு சொல்லு" என்றார்.

சொல்லத் தெரிந்தது. பிழைக்க வைக்கத்தான் பிந்திவிட்டது. தண்ணீர் கட்டிய வயலில் மண்ணுக்குள் இருக்கும் ஆக்ஸிஜன் ஓரிரு நாளில் தீர்ந்துவிடுகிறது. ஆனால் நுண்ணுயிர்கள் தின்பதை நிறுத்துவதில்லை. தின்றால் எலக்ட்ரான் மிஞ்சும், அதை யார் தலையிலாவது கட்டியாகவேண்டும். ஆக்ஸிஜன் இல்லையென்றால் நைட்ரேட், பிறகு மாங்கனீசு, பிறகு இரும்பு, பிறகு சல்பேட், கடைசியில் கார்பன் டை ஆக்சைடே. மேல்மடை அடைபட்டால் அடுத்த மடை என்று ஒரு வரிசை. காய்ந்த மண்ணில் +400 மில்லிவோல்ட்டுக்கு மேலே நிற்கும் மின்னழுத்தம் இப்படி இறங்கி இறங்கி −200-க்கும் கீழே போகும். இரும்பின் முறை வரும்போது துரு எலக்ட்ரானை வாங்கி, ஃபெர்ரஸ் என்ற +2 நிலை இரும்பாகித் தண்ணீரில் கரைகிறது. சல்பேட்டின் முறையில் கூழமுட்டை நாற்றம். அந்த சல்பைடும் இரும்பும் சேர்ந்தால் வேரில் கறுப்பு. கடைசி மடையில் வருவது மீத்தேன், சித்தப்பாவின் காலடிக் கொப்புளம். பச்சைத் தழையை ஏராளமாகப் புதைத்து உடனே நட்டதால், நான் நுண்ணுயிர்களுக்கு விருந்து வைத்து எல்லா மடையையும் ஒரே வாரத்தில் திறந்துவிட்டிருந்தேன்.

இதில் பொட்டாசியம் எங்கே? வரிசையில் அதன் பெயரே இல்லை. எலக்ட்ரானை வாங்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. ஆனால் கரைந்து வந்த ஃபெர்ரஸ் இரும்பு களிமண்ணில் ஒட்டியிருக்கும் பொட்டாசியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காருகிறது. தள்ளப்பட்ட பொட்டாசியம் தண்ணீருக்கு வருகிறது. கொஞ்ச நாள் பயிருக்குக் கொண்டாட்டம், ஆனால் கையிருப்பு அதோடு கரையும். இதைவிட முக்கியமானது வேரில் நடப்பது. நெல்லின் தண்டுக்குள் காற்றுக்குழல்கள் உண்டு. இலை வழியாக வரும் ஆக்ஸிஜன் அவற்றில் இறங்கி வேரின் வெளியே கசிகிறது. வேரை நெருங்கும் ஃபெர்ரஸ் இரும்பை வாசலிலேயே மடக்கி, எலக்ட்ரானைப் பிடுங்கி, துருவாக்கி வெளியே நிறுத்திவிடும். நல்ல நெல்வேரின் மேல் இருக்கும் செம்பழுப்புப் பூச்சு அதுதான். பொட்டாசியம் குறைந்த பயிரில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் மாவாகவும் புரதமாகவும் கட்டப்படாமல் தேங்கி, வேர் வழியாக ஒழுகுகின்றன. ஒழுகுவதைத் தின்ன நுண்ணுயிர் கூடும், கசியும் ஆக்ஸிஜனை அவையே குடித்துவிடும். வாசலில் காவல் இல்லை, இரும்பு உள்ளே போகிறது, இலையில் செம்புள்ளி.

வடிகால் வெட்டித் தண்ணீரை இறக்கி, மயிர்வெடிப்பு விடும்வரை காயவைத்து, பொட்டாஷைத் தேடிப்பிடித்துப் போட்டோம். யூரியாவை நிறுத்தினோம். பத்து நாளில் வெள்ளை வேர் விட்டது. என்றாலும் அறுப்பில் ஏழு மூட்டை குறைந்தது. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டம்.

வண்டல் மண்ணை நம்பியது ஏன் தப்பு என்று பிறகு புரிந்தது. நெல் எடுக்கும் பொட்டாசியத்தில் பெரும்பகுதி மணியில் இல்லை, வைக்கோலில் இருக்கிறது. முன்பு அது மாட்டுக்குப் போய் எருவாக வயலுக்குத் திரும்பிவந்தது. இப்போது மிஷின் அறுத்த மறுநாளே இன்னொரு மிஷின் உருட்டிக் கட்டி லாரியில் ஏற்றிவிடுகிறது. அந்த லாரியில் போவது எங்கள் சாம்பல்சத்து. இந்த நாட்டில் பொட்டாஷ் உரத்துக்கான சுரங்கம் இல்லை. பெரும்பாலும் கப்பலில்தான் வருகிறது. மூட்டையைப் பிரித்தால் செங்கல்தூள் நிறத்தில் இருக்குமே, அந்தச் சிவப்பும் பொட்டாசியத்தினுடையதில்லை. சுத்தமான உப்பு வெள்ளை. கூடவே ஒட்டிக்கொண்டு வந்த கொஞ்சம் இரும்பு ஆக்சைடு, அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை தாளடி வயலிலிருந்து ஒரு குத்தைப் பிடுங்கி வாய்க்காலில் அலசி, ஈரத்துணியில் சுற்றிப் பள்ளிக்கு எடுத்துப்போனேன். வேர் நல்ல செம்பழுப்பு. கேள்வி கேட்ட மாணவியையே மேசைக்கு அழைத்தேன். வேரை நறுக்கி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுக் கொஞ்சம் சூடுகாட்டினாள். பூச்சு கரைந்து கரைசல் இளமஞ்சளானது, வேர் வெளுத்தது. அதில் பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு இரண்டு சொட்டு. பேனா மை உடைந்த மாதிரி நீலம் பரவியது. பின் பெஞ்செல்லாம் முன்னால் வந்துவிட்டது.

வேரின் கதையையும் மூணு மாவின் கதையையும் சொன்னேன். என் பங்கைக் கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னேன். அவள் கரும்பலகையில் நீலத்துக்கான சமன்பாட்டை எழுதினாள். பாட்டிலைத் திருப்பி மேலே ஒட்டியிருந்த பெயரைப் படித்தாள்.

"இங்கயும் இருக்காரு சார்."

"இருக்காரு."

சாக்பீஸை இரண்டு பக்கத்துப் பொட்டாசியத்துக்கும் நேராகப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். "அடிக்கவா, வேணாமா?"

"அடிம்மா" என்றேன். "பரீட்சையில மார்க் வேணும்ல."